நாளொன்றுக்கு நூற்று நாற்பது சாவு

"இன்னைக்கு நூத்தி நாப்பது தடவ செத்தேங்க" என்று அவள் போனில் சொன்னதும், பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரமாக ஒடுங்கினாள். இவள் அதைக் கவனிக்கவில்லை. "அதுல தொண்ணூறு பல்லிகிட்ட. மீதி ஃபேன்ல மாட்டி. ஒண்ணே ஒண்ணு சோப்பு நுரையில. அதுலதான் மானமே போச்சு" என்றாள். பக்கத்து அம்மாள் அடுத்த நிறுத்தம் வரும்வரைகூடக் காத்திருக்காமல் எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டாள்.

போனின் மறுமுனையில் இருந்தவர் கணவர். லிஃப்ட் பழுதுபார்ப்பவர். எந்த நேரம் கூப்பிட்டாலும் ஏதோ ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் இருப்பார். "வரும்போது சோப்பு வாங்கிட்டு வா. தீந்துபோச்சு" என்றார். இருபத்துநான்கு வருஷக் குடித்தனத்தில் அவளுக்கு எரிச்சல் வந்த நேரங்களிலெல்லாம் அவர் எதையாவது வாங்கி வரச் சொல்லித்தான் சமாளித்திருக்கிறார்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. வேலை, விளையாடுவது. காலை பத்து மணிக்கு ஆபீஸுக்குப் போய் உட்கார்ந்தால் மாலை ஐந்து வரை ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடி, எங்கே இடிக்கிறது, எங்கே வழுக்குகிறது, எது அநியாயம் என்று எழுதிவைக்க வேண்டும். கேட்டவர்கள் எல்லோரும் "குடுத்துவச்சவங்க நீங்க" என்றார்கள். ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்த்தால் தெரியும் என்று நினைத்துக்கொள்வாள்.

அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் ஒரு பத்திர ஆபீஸில் டைப் அடித்தாள். வீடு விற்பவர்களும் நிலம் பிரிப்பவர்களும் வந்து வரிசையில் நிற்கிற இடம். முதலாளி நாற்காலியில் சாய்ந்து சொல்லச் சொல்ல அவள் அடிக்க வேண்டும். அவருக்கு மூச்சிரைப்பு; ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு வண்டி கடந்து போய்விடும். ஆனால் சட்டதிட்டங்களில் கறார். எண்ணை எழுதினால் பக்கத்திலேயே எழுத்தாலும் எழுதி 'மட்டும்' போட வேண்டும். அடித்தல் திருத்தல் கூடாது. கடைசி வரிக்குக் கீழே 'முடிந்தது' என்று தனியாக அடித்துக் கோடு போட வேண்டும். "வெறும் இடம் விட்டா எவனாவது ஒரு வரி சேத்துடுவான். அப்புறம் ஊட்ட எழுதிக் குடுத்தவன் மாட்டையும் சேத்துக் குடுத்தவனாயிடுவான்" என்பார். முதல் மாதம் இரண்டு முறை மறந்து இரண்டு முறையும் எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு மறக்கவே இல்லை. மளிகைச் சீட்டுக்குக் கீழேயும் 'முடிந்தது' எழுதுகிற அளவுக்குக் கை பழகிவிட்டது.

முதலாளி ஆபீஸை மூடிவிட்டு மகள் வீட்டோடு போனபோது அவள் வருத்தப்பட்டாள் என்று சொன்னால் அது பொய். மூன்று நாள் நன்றாகத் தூங்கினாள். நாலாம் நாள் கொழுந்தன் வந்தான்.

"அண்ணி, உங்க விரல் இப்ப சும்மாதானே இருக்கு?" என்றான்.

அவனுக்கு முப்பத்தாறு வயது. நல்ல சம்பளத்தில் இருந்த வேலையை விட்டுவிட்டு, சலவைக் கடைக்கு மேலே ஒரு அறை பிடித்து, கையில் பிடித்து ஆடுகிற சின்ன கருவிக்கு ஒரு விளையாட்டுச் செய்துகொண்டிருந்தான். அந்தக் கருவி சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். அவள் அதை டப்பா என்றே சொல்வாள். ஆடிப் பார்க்க வந்த இரண்டு பேரும் வாரம் முடிவதற்குள் கை வலிக்கிறது என்று ஓடிவிட்டார்கள். அண்ணியோ நிமிஷத்துக்கு எண்பது வார்த்தை அடித்தவள். ஒரு புள்ளி தவறினாலும் கண்டுபிடிப்பவள். சரி, விரல் சும்மா இருக்க வேண்டாம் என்று அவளும் வந்துவிட்டாள்.

ஆட்டத்தின் நாயகன் ஒரு கொசு. ஒரு வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட அது ஜன்னலைத் தேடி வெளியே போக வேண்டும். திரை இடமிருந்து வலமாகத் தானாக நகர்ந்துகொண்டே இருக்கும். நின்று மூச்சுவிட முடியாது, திரும்பிப் போக வழியில்லை. கொசு மூக்கிலிருந்து ஊசி ஊசியாகச் சுடும். முதலில் குளியலறை, பிறகு சமையலறை, கூடம், மாடிப்படி, கடைசியில் படுக்கையறை. மாடிப்படிச் சுவரில் ஒரு பல்லி உட்கார்ந்திருக்கும். கொசுவுக்கு மூன்று உயிர். மூன்றும் போனால் மறுபடி குளியலறைக் குழாயிலிருந்து ஆரம்பம்.

"பாதியிலேர்ந்து ஆரம்பிக்கற மாதிரி வச்சா என்ன தம்பி, குறஞ்சா போயிடுவ?" என்று முதல் வாரமே கேட்டாள்.

"அந்தக் காலத்து ஆட்டமெல்லாம் அப்படித்தான் அண்ணி. செத்தா முதல்லேர்ந்து. அதுலதான் ருசியே."

"செத்துப் பாத்தவ நான். ருசி எனக்குத் தெரியல."

அறை வாடகைக்காகக் கொழுந்தன் பகலில் வேறு ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் சரிசெய்யப் போனான். அவள் ஐந்து மணிக்குக் கிளம்பினால் அவன் ஐந்தரைக்கு வருவான். இருவருக்கும் நடுவில் பேச்சுவார்த்தை ஒரு தாள்தான். அவள் அன்றன்றைக்குக் கண்டதை டைப் அடித்து மேஜையில் வைத்துவிட்டுப் போவாள். அவன் மாலையில் வந்து எடுத்துப் பார்த்துவிட்டு ஆட்டத்தைத் திருத்திவைப்பான். ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். ஆனால் முதல் ஞாயிறே அவள் "நேத்து அறுவது தடவ செத்தேன்" என்று ஆரம்பித்ததும் கணவர் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "சாப்பிடற இடத்துல சாவு பேச்சு வேணாம். ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன்." அதோடு அந்த வாசலும் சாத்தியாகிவிட்டது.

அறையில் இன்னொருத்தியும் உண்டு: படம் வரைகிற பெண். படக்காரி என்றுதான் கொழுந்தன் கூப்பிடுவான். காதில் எப்போதும் பாட்டை மாட்டிக்கொண்டு, பல்லியின் முதுகில் புள்ளி வைத்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் அண்ணி "செத்தொழி! நாக்க அறுக்க!" என்று கத்தினால் புன்னகை செய்துவிட்டு அடுத்த புள்ளியை வைப்பாள்.

இப்படியே பத்து மாதம் போனது. நாளுக்கு நாள் ஆட்டம் கடினமாகிக்கொண்டே போனது. அதுதான் அவளை ஆட்டிப்படைத்த எரிச்சல். கடினம் என்று எழுதிவைத்தாலும் மறுநாள் இன்னும் கடினம். "பல்லியின் நாக்கு மிக வேகமாக உள்ளது. குறைக்கவும்" என்று எழுதினாள். மறுநாள் நாக்கு இன்னும் வேகம். "பல்லியின் நாக்கைக் குறைக்கும்படி இதன்மூலம் இரண்டாம் முறையாகக் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதினாள். மறுநாள் பெரிய பல்லிக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பல்லி உட்கார்ந்திருந்தது. "குட்டிப் பல்லியை உடனடியாக அகற்றவும்" என்றாள். குட்டிப் பல்லி அங்கேயே இருந்தது. கூடத்து ஃபேனுக்குக் கூடுதலாக ஒரு இறக்கை முளைத்தது.

"நான் எழுதறத உங்க தம்பி படிக்கறாரா, இல்ல பல்லி படிக்குதா?" என்று கணவரிடம் கேட்டாள்.

"நீ ஏதாவது தப்பா எழுதியிருப்ப."

"தப்பா? நானா? இருபத்திரண்டு வருஷம் ஊரான் சொத்துக்கெல்லாம் எழுதினவ. ஒரு பல்லிக்கு எழுதத் தெரியாதா?"

போதாக்குறைக்கு, காலையில் வந்தால் சில நாள் டப்பாவின் மேல் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கும். "அண்ணி, நீங்க ஆளே வேற! இன்னைக்கு முடிங்க பாக்கலாம்!" என்று எழுதியிருக்கும். அதைப் படிக்கும்போதெல்லாம் அவளுக்குக் காது மடல் சூடாகும். நக்கல்! கல்யாணமான புதிதில் இவன் மார்க் சீட்டை அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைத்ததை மாமனாரிடம் போட்டுக்கொடுத்தது அவள்தான். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. அதையா இத்தனை வருஷம் மனசில் வைத்திருக்கிறான்?

வேலையை விட்டுவிடலாம் என்று வாரம் ஒருமுறை தோன்றும். ஆனால் அந்தப் பல்லியை ஒரு முறையாவது வீழ்த்தாமல் எழுந்து போக மனசு வரவில்லை. தாளில் மட்டும் மரியாதை குறையாமல் எழுதிக்கொண்டே வந்தாள்: தேதி, ஆடிய நேரம், குறைகள், "சாவு 140 (நூற்று நாற்பது மட்டும்)", கீழே ஒரு கோடு.

இருநூற்றுப் பன்னிரண்டாம் தாள் எழுதிய மறுநாள், ஒரு வியாழக்கிழமை, கொழுந்தன் வழக்கத்துக்கு மாறாக இரண்டு மணிக்கே வந்தான். தலை சீவியிருந்தான். அதிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"அண்ணி, நாளைக்குப் பதினோரு மணிக்கு கம்பெனிக்காரம்மா வராங்க. ஆட்டத்த எடுத்து வெளியிடற கம்பெனி. அவங்களுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். செஞ்சவன் இல்லாம வேற யாராவது ஒரே மூச்சுல மொதல்லேர்ந்து கடைசிவரைக்கும் ஆடி முடிக்கணும். அத அவங்க கண்ணால பாக்கணும். போன வருஷம் யாராலயும் முடிக்க முடியாத ஆட்டம் ஒண்ண எடுத்து, வாங்கினவங்கள்லாம் வாயில வராத பேச்சு பேசிட்டாங்களாம்."

"சரி."

"பாத்து எடுத்துக்கிட்டாங்கன்னா நம்ம கொசு எல்லா ஊருக்கும் போயிடும். இல்லேன்னா மாசக் கடைசியில இந்த அறைய பூட்டிட்டு நான் பழைய வேலைக்கே போறேன். அதுக்கு மேல என்னால இழுக்க முடியாது."

"சரி தம்பி, நல்லா நடக்கட்டும். யாரு ஆடறது?"

"என்ன அண்ணி வெளயாடறீங்க? நீங்கதான். சொல்லிட்டேனே. எங்க அண்ணி தெனமும் முடிப்பாங்கன்னு."

அவள் டப்பாவை மேஜையில் வைத்தாள். "எத?"

"ஆட்டத்த."

"தம்பி, நான் மாடிப்படிய தாண்டினதே இல்ல."

அவன் சிரித்தான். தன்னடக்கம் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. அலமாரியைத் திறந்து தாள் கட்டை எடுத்து அவள் முன்னால் போட்டான். ஒவ்வொன்றாகக் கீழ்க்கோடியைத் தட்டிக் காட்டினான்.

"அப்ப இது என்ன? முடிந்தது. இது? முடிந்தது. இங்க பாருங்க, முடிந்தது. எரநூத்திப் பன்னண்டு தாள் அண்ணி! ஒரு நாள்கூட நீங்க முடிக்காம போனதில்ல!"

அவள் தாளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள்.

"டேய், அது தாள் முடிஞ்சதுடா!"

கீழே சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டி ஆவி விடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. படக்காரி காதிலிருந்து பாட்டைக் கழற்றி "என்னாச்சு?" என்றாள். அவளே எழுந்து வந்து நாலு தாளைப் புரட்டினாள். அப்புறம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மேல எழுதினதெல்லாம் என்னன்னு நெனச்ச?" என்றாள் அண்ணி.

"மேல... நான் கடைசி வரிய மட்டும்தான் பாப்பேன் அண்ணி. முடிச்சீங்களா இல்லயான்னு. முடிச்சுட்டாங்க, அப்ப லேசா இருக்குபோலன்னு இன்னும் கொஞ்சம் முறுக்குவேன். மறுநாளும் முடிச்சுடுவீங்க. எனக்கே பயம் வந்துடுச்சு, இவங்க மனுஷிதானான்னு."

"சாவு நூத்தி நாப்பதுன்னு இருக்கே!"

"கண்ணுல பட்டுது. நீங்க சாகடிச்சதுன்னு நெனச்சேன்."

"குட்டிப் பல்லிய எடுன்னு கெஞ்சியிருக்கேன்டா!"

"அந்த மஞ்சச் சீட்டெல்லாம் நெசமாவே பாராட்டிதான் எழுதினேன்" என்றான் அவன், அழுகிற குரலில்.

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். பத்து மாதம்! அவள் விழ விழ இவன் இவளுக்காகவே குழியை ஆழமாக்கிக்கொண்டு போயிருக்கிறான். இப்போது உலகத்திலேயே யாராலும் தாண்ட முடியாத ஒரு பல்லி மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறது. அதை வளர்த்துவிட்டது அவளுடைய ஒற்றை வார்த்தை. பத்திர ஆபீஸ் முதலாளி இந்த நேரத்தில் எதிரே வந்திருந்தால் அவருக்கும் கிடைத்திருக்கும்.

"உக்காரு" என்றாள் கடைசியில். "உக்காந்து மேலேர்ந்து படி."

அவன் உட்கார்ந்து படித்தான். மூன்று மணிநேரம் ஆயிற்று. நடுநடுவே "ஐயோ" என்றான், "இத அன்னைக்கே சொல்லியிருந்தா" என்றான், அவள் பார்த்த பார்வையில் அடுத்த தாளுக்குப் போனான். பதினேழாம் தாளில் நின்றான். சத்தமாகப் படித்தான்:

"சாவு 31 (முப்பத்தொன்று மட்டும்). மூன்று முறை பல்லி வரை சென்றேன். கோபம் வந்தது. மறுபடி ஆடத் தோன்றியது."

பிறகு நாற்பதாம் தாளை எடுத்தான். "கோபம் வந்தது. வீட்டுக்குப் போகத் தோன்றியது."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாறிமாறிப் பார்த்தான். அவனிடம் உருப்படியான ஒரு பழக்கம் இருந்தது: தினமும் திருத்துவதற்கு முன் அன்றைய ஆட்டத்தைத் தேதி போட்டுத் தனியே எடுத்துவைப்பான். பதினேழாம் நாள் கொசுவைத் தேடி எடுத்து டப்பாவில் ஏற்றினான். குட்டிப் பல்லி இல்லை. ஃபேனுக்கு மூன்றே இறக்கை.

அவள் வாங்கி ஆடினாள். குளியலறையிலேயே செத்தாள்.

"என்ன அண்ணி!"

"நீ சும்மா இரு." மறுபடி ஆடினாள். மறுபடியும் குளியலறை. பத்து மாதமாகப் பேய் வேகத்துக்குப் பழகிய விரல், இப்போது குழாய்ச் சொட்டு விழுவதற்கு முன்பே விலகி, நுரையில் போய் முட்டியது. பல்லி வாயைத் திறப்பதற்குள் இவள் தப்பித்து, தப்பித்த இடத்தில் நாக்கு வந்து சேர்ந்தது. அன்று மாலை ஏழு மணி வரை ஆடியும் மாடிப்படியைத் தாண்டவில்லை. கஷ்டமாக இருந்தபோதும் செத்தாள்; லேசாக்கினாலும் சாகிறாள். கோபத்தில் பஸ்ஸைத் தவறவிட்டாள். கணவர் வாங்கி வரச் சொன்ன சோப்பையும் மறந்தாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னதாகவே கம்பெனிக்காரம்மா வந்துவிட்டார். இரண்டு தோளிலும் இரண்டு பை, கையில் போன், அடுத்த சந்திப்பு பன்னிரண்டரைக்கு. "ஆரம்பிக்கலாமா? எனக்கு ஒரு மணிநேரம்தான்" என்றார். டப்பாவைப் பெரிய டிவியில் இணைத்திருந்தார்கள். கொழுந்தன் சுவரோடு சுவராக நின்றான்.

முதல் உயிர் நுரையில் போனது. கம்பெனிக்காரம்மா போனில் ஏதோ பார்த்தார். இரண்டாம் உயிர் சமையலறைப் புகைபோக்கி ஃபேனில் போனது. கொழுந்தன் கண்ணை மூடிக்கொண்டான்.

மிச்சம் ஒரே ஒரு உயிர். இந்த வேகம் எங்கிருந்து தொற்றியது என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. முதலாளி மூச்சு வாங்கி நிறுத்தும்போது அவசரப்பட்டு அடுத்த வார்த்தையை இவளாக அடித்து, ஒரு முழுத் தாளைக் கிழித்துப் போட்ட நாள் ஒன்று உண்டு. "நான் சொன்னப்புறம் அடி. சொல்றதுக்கு முன்னாடி அடிக்க நீ யாரு?" அதற்குப் பிறகு இருபத்தோரு வருஷம் விரலை விசையின் மேல் வைத்துக்கொண்டு அவர் இருமி முடிக்கக் காத்திருந்தவள் அவள். சரி, சொல்லித் தொலை என்று பல்லியைப் பார்த்து மனசுக்குள் சொன்னாள். பல்லி வாயைத் திறந்தது. காத்திருந்தாள். நாக்கு வந்தது. அப்போதுதான் விலகினாள். சுட்டாள். மறுபடி காத்திருந்தாள்.

பதினோராவது ஊசியில் பல்லி சுவரிலிருந்து கழன்று விழுந்தது.

"ஐயோ, செத்துடுச்சு!" என்று அவளே அலறிவிட்டாள். படக்காரி கைதட்டினாள். திரை இருண்டு, ஒரு கட்டில் தெரிந்தது, அதில் போர்வைக்குள் யாரோ.

"இது என்ன அறை?" என்றாள் அவள்.

கம்பெனிக்காரம்மா நிமிர்ந்தார். "தெனமும் பாக்கற அறைதானேம்மா?"

கொழுந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முந்திக்கொண்டாள். "இல்லம்மா. இப்பத்தான் மொத தடவ வரேன்."

போர்வைக்குள்ளிருந்து இரண்டு பெரிய கைகள் வந்தன. விரிந்தன. பட்டென்று தட்டின. ஜன்னலுக்கு நாலு விரற்கடை தூரத்தில் கொசு நசுங்கியது.

"அய்யய்யோ!" என்றார் கம்பெனிக்காரம்மா.

அவர் கொழுந்தன் பக்கம் திரும்பினார். "தெனமும் முடிப்பாங்கன்னு சொன்னீங்க." அவன் திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னான். தாள், கோடு, முடிந்தது. அவர் தாளைக் கேட்டு வாங்கினார். முதல் வரியிலிருந்து படித்தார். "பாருங்க, இவங்க மேலேர்ந்து படிக்கறாங்க" என்று அண்ணி பொதுவாகச் சொன்னாள். பதினேழாம் தாளில் அவரும் நின்றார். அதை மேஜையில் வைத்துவிட்டு, தோளிலிருந்து இரண்டு பைகளையும் இறக்கினார்.

"அந்த டப்பாவ இப்படிக் குடுங்க."

குளியலறையில் செத்தார். "இருங்க, இருங்க." மறுபடி செத்தார். போன் அடித்தது; எடுக்கவில்லை. பன்னிரண்டே முக்காலுக்குச் சமையலறை வரை போனார். "இந்த நீராவி அநியாயம்மா!" என்றார்.

"ஒம்பதாம் தாள்ல எழுதியிருக்கேன்" என்றாள் அண்ணி.

கிளம்பும்போது அவர் முகத்தைக் கறாராக்கிக்கொண்டார். "எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா எனக்குப் பிடிச்சது வேற, யாராலயும் முடியாததக் கடையில வைக்கறது வேற. செவ்வாய்க்கிழம பதினோரு மணிக்கு வரேன். முடிச்சுக் காட்டுங்க. இல்லேன்னா இந்தப் பேச்ச விட்டுடலாம்."

சனிக்கிழமை முழுக்க அந்தக் கைகள் அவளைத் தட்டிக்கொண்டே இருந்தன. ஞாயிறு மதியம் சாப்பாட்டில் அண்ணியும் கொழுந்தனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பிசைந்துகொண்டிருந்தார்கள். கணவர் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். விதியைப் போட்டவரே விதியை மீறினார்.

"என்னதான் பிரச்சினை?"

"ரெண்டு கைங்க. நடுவுல போகணும். தட்டிடுது."

"தட்டறதுக்கு முன்னாடி விரியுமில்ல?"

"விரியும்."

"அப்பவே கிளம்பு. நீ முழுசா விரியட்டும்னு நிப்ப. லிஃப்ட் கதவுல மாட்டறவன் எல்லாம் அப்படித்தான். கதவு தொறந்துகிட்டிருக்கும்போது போனா பொழச்சான். நல்லா தொறந்தப்புறம் போலாம்னு நின்னா, அவன் காலெடுக்கும்போது அது மூட ஆரம்பிச்சுடும்." சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரசத்த ஊத்து."

பல்லியிடம் காத்திருக்க வேண்டும், கைகளிடம் காத்திருக்கக் கூடாது. ஒரே வீட்டுக்குள் இரண்டு சட்டம்! செய்தவனை என்ன செய்தால் தகும் என்று யோசித்துக்கொண்டே ரசத்தை ஊற்றினாள்.

திங்கட்கிழமை மதியம் மூன்று பத்துக்கு அவள் முடித்தாள். கொசு ஜன்னல் வழியாகப் போனது. வெளியே படக்காரி வரைந்த நீல வானம். அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. கொசு மட்டும் சின்னதாகி, புள்ளியாகி, மறைந்தது.

அவள் நிமிர்ந்தாள். அறையில் ஆளில்லை. படக்காரி சாப்பிடப் போயிருந்தாள். கொழுந்தன் எந்த ஆபீஸிலோ இருந்தான். ஆட்டத்தைப் பதிவுசெய்கிற விசையைத் தட்டவும் மறந்திருந்தாள். பத்து மாதம், இருபதாயிரத்துச் சொச்சம் சாவு, கடைசியில் பார்க்க ஒரு ஈ காக்கா இல்லை.

தாங்கமுடியாமல் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கீழே சலவைக் கடைக்காரரிடம் கத்தினாள். "முடிச்சுட்டேன்!"

"இங்க இன்னும் முடியலம்மா. நாலு மணிக்கு வாங்க" என்றார் அவர், துணியிலிருந்து தலையைத் தூக்காமல்.

கணவருக்குப் போன் போட்டாள். "ஏங்க, முடிச்சுட்டேங்க!"

எங்கோ இரண்டு மாடிகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் யோசனை. "என்னத்த, தாளையா?"

போனை வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பதினொன்று இருபதுக்கு, கடைசி உயிரில், நான்கு பேர் பார்க்க மறுபடி முடித்தாள். நாலாவது ஆள் லிஃப்ட் வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து வாசலில் நின்றவர். கைகள் விரிய ஆரம்பித்ததும் "போ, போ!" என்று அவர் போட்ட சத்தத்தில் கீழே இஸ்திரி நின்றது. கம்பெனிக்காரம்மா கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்களைப் பையிலிருந்து எடுத்தார். எடுத்துக்கொண்டே, "ஒரு தடவ குடுங்க, நீராவிகிட்ட எனக்கு ஒரு பாக்கி இருக்கு" என்று டப்பாவுக்குக் கை நீட்டினார்.

அன்றும் அவள் ஐந்து மணிக்கு முன்னால் தாள் அடித்தாள். படுக்கையறையில் பதினோரு குறை. கை தட்டும் சத்தம் காதைப் பிளக்கிறது. கட்டில் கால் எது, சுவர் எது என்று தெரியவில்லை. ஆட்டம் முடிந்த பிறகு திரை சும்மா கிடக்கிறது; முடிந்துவிட்டது என்று யாராவது சொல்ல வேண்டாமா? சாவு 58 (ஐம்பத்தெட்டு மட்டும்). கோபம் வந்தது. கடைசி வரிக்கு வந்ததும் விரல் தானாகப் போயிற்று. அடித்த பிறகுதான் பார்த்தாள். அடித்தல் திருத்தல் கூடாது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று கோடு போட்டாள்.

கொழுந்தன் சந்தோஷத்தில் அன்று சீக்கிரமே வந்திருந்தான். தாளை வாங்கினான். கண் நேராகக் கீழே போனது.

அவள் மேஜையில் விரலால் தட்டினாள்.

"மேலேர்ந்து."